மின் திருக்கையும் தொட்டாற்சுருங்கியும்

பெங்களூர் நகரத்தின் புல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் வேலியோரங்களிலும் தரையோடு படர்ந்து வளரும் சிறு முட்செடி ஒன்றைக் காணாதவர் இலர். ஊதா கலந்த செந்நிறத்தில், பஞ்சுருண்டை போன்ற பூக்களைத் தாங்கி நிற்கும் அச்செடியின் இலையைத் தொட்ட மாத்திரத்தில் சிற்றிலைகள் இரண்டிரண்டாக மடிகின்றன. சற்று வலிந்து தொட்டால் இலைக்காம்பும் சாய்ந்து தொங்கிவிடுகிறது. தமிழர் இதனைத் தொட்டாற்சுருங்கி என்றும் தொட்டாற்சிணுங்கி என்றும் வழங்குவர். கன்னட மக்கள் ‘முட்டிதரெ முனி’ என்பர். தொட்டால் முனியும் செடி என்பது அப்பெயரின் பொருள். மைமோசா பூடிகா என்பது இதற்குத் தாவர நூலார் வைத்த பெயராகும்.

இந்நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடல் இருக்கிறது. அக்கடலின் அடித்தரையில், மணலிற் புதைந்தவாறு, வட்டத் தட்டும் அதனின்று நீளும் வாலுமான வடிவுடன் ஒரு மீன் வாழ்கிறது. வலையிற் சிக்கிய அம்மீனை அறியாது கையாற் பற்றியவருக்குக் கை மரத்துப் போகிறது. இதுவே மின் திருக்கை. சோழமண்டலக் கரையில் வாழும் இனங்களுள் ஒன்று நார்சினே திம்லெய் எனப்படும். தரங்கம்பாடியிற் கிடைத்த மீனைக் கொண்டு பிளாக், ஷ்னைடர் என்ற இரு ஜெர்மானிய விஞ்ஞானிகளின் நூல் 1801-ஆம் ஆண்டில் இவ்வினத்தை முதன்முதலாக விவரித்தது. ‘நார்க்கே’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மரத்துப்போதல் என்பது பொருள். அதுவே இம்மீனின் பெயருக்கு அடியாயிற்று.

ஒன்று பூக்கும் தாவரம். மற்றொன்று கடல்வாழ் பிராணி. ஒன்று வேரூன்றி நின்ற இடத்தை விட்டுப் பெயராதது. மற்றொன்று இரை தேடி அலைவது. எனினும் இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்வதற்குத் தக்க காரணம் உண்டு. தொட்டவர் கையை மரக்கச் செய்வதும் மின்சாரம். தொட்ட இலையை மடங்கச் செய்வதும் மின்சாரம். இவ்விரு மின்சாரங்களும் ஒன்றேயா, வேறா என்ற கேள்வி நூறாண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகளிடையே விவாதப் பொருளாக இருந்து வருகிறது. ஒப்புமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பிரித்தறிதல் வெறும் ஏட்டளவான பயிற்சி அன்று என்பதும் போகப் போகப் புலனாகும்.

மீனின் மின்கலம்

மின் திருக்கை மனிதனுக்கு நெடுங்காலமாக அறிமுகமானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், தீராத் தலைவலிக்கும் மூட்டுவாதத்துக்கும் உயிருள்ள மின் திருக்கையை உடலில் வைக்குமாறு எழுதி வைத்தார். ஆனால் இம்மீனின் தாக்குதல் மின்சாரமே என்பது 1772-ஆம் ஆண்டு வரை தெளிவாகவில்லை. அவ்வாண்டில் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேயர் பிரான்ஸ் நாட்டின் லா ரோஷெல் கரையில் பரிசோதனைகள் நடத்தினார். உலோகக் கம்பி வழியாக அதிர்ச்சி பாய்வதையும், கண்ணாடி போன்ற மின்கடத்தாப் பொருள் இடைப்பட்டால் அது நின்றுவிடுவதையும் அவர் கண்டறிந்தார். அதே காலத்தில் ஜான் ஹண்டர் என்ற உடற்கூற்று வல்லுநர் அம்மீனை அறுத்து ஆராய்ந்து, அதன் உடலின் இரு பக்கங்களிலும், தேனடையின் அறைகள் போல நெருங்கி நிற்கும் அறுகோணத் தூண்களாலான உறுப்பு இருப்பதைக் காட்டினார். ஒரு மீனின் ஓர் உறுப்பில் அவர் எண்ணிய தூண்கள் 470.

ஒவ்வொரு தூணும் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற் போன்ற அமைப்புடையது. அவ்வடுக்கில் உள்ள ஒவ்வொரு காசும் ஓர் உயிரணுவாகும். இதனை மின் தகடு என்பர். இத்தகடுகள் ஒரு காலத்தில் செவுள்களை இயக்கும் தசையணுக்களாக இருந்தவை. பரிணாமத்தின் போக்கில் அவை சுருங்கும் ஆற்றலை இழந்து, மின்சாரம் தோற்றுவிக்கும் ஆற்றலை மாத்திரம் பெருக்கிக் கொண்டன.

மின் தகட்டின் இரு முகங்களும் ஒரே தன்மையன அல்ல என்பது இங்குக் கருத்தில் இருத்தற்குரியது. கீழ் முகத்தில் நரம்பு முனைகள் செறிந்துள்ளன. மேல் முகத்தில் நரம்பு இல்லை. மூளையிலிருந்து ஆணை வந்ததும் நரம்பு முனைகள் அசெட்டைல்கோலின் என்ற இரசாயனப் பொருளை வெளியிடுகின்றன. கீழ் முகத்தின் சவ்வில் உள்ள நுண்ணிய வாயில்கள் அப்பொருளை ஏற்றுத் திறந்துகொள்ள, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மேல் முகமோ மாறாது நிற்கிறது. இரு முகங்களுக்கும் இடையே தோன்றும் இவ்வேறுபாடே தகட்டின் மின்னழுத்தம் ஆகும். அதன் அளவு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு எனலாம்.

இவ்வளவு சிறிய அழுத்தம் எவ்வாறு கையை மரக்கச் செய்கிறது? விடை இணைப்பு முறையில் அடங்கியிருக்கிறது. ஓர் அடுக்கில் 500 தகடுகள் தொடராக இணைந்து ஒரே கணத்தில் இயங்கினால் 50 வோல்ட் கிடைக்கும். அத்தகைய தூண்கள் நூற்றுக்கணக்கில் பக்கம் பக்கமாக இணையும்போது மின்னோட்டத்தின் அளவு பெருகும்.

பெங்களூர் வாசிகளுக்கு இத்தத்துவத்தை விளக்க அவர்களது நகரத்தின் மின்சார வரலாறே உதவுகிறது. 1902-ஆம் ஆண்டில் சிவனசமுத்திரத்தில் காவிரி நீரால் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்குக் கம்பி வழியே சென்றது. 1905-இல் பெங்களூரின் வீதி விளக்குகளும் அதனால் ஒளி பெற்றன. நெடுந்தொலைவு செல்லும் கம்பியின் தடையை வெல்ல மின்னழுத்தத்தை மிக உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்புதல் வேண்டும். தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் மின் விலாங்கு இம்முறையையே கையாள்கிறது. உப்புக் குறைந்த ஆற்று நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அது ஆயிரக்கணக்கான தகடுகளைத் தொடராக அடுக்கி, 860 வோல்ட் வரை அழுத்தம் எழுப்புவதாக 2019-இல் அளந்தறியப்பட்டது. கடல் நீரோ ஆற்று நீரைவிட நூற்றுக்கணக்கான மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துவது. அங்கே அழுத்தம் மிகுதியாக வேண்டுவதில்லை. ஓட்டமே மிகுதியாக வேண்டும். அதனால் திருக்கை தன் தூண்களைப் பக்கம் பக்கமாகப் பெருக்கிக்கொண்டது. நார்சினே வகைகள் சில பத்து வோல்ட்டுகளோடு நின்றுவிடுகின்றன. அட்லாண்டிக் கடலின் பெரிய மின் திருக்கை மாத்திரம் 220 வோல்ட் வரை எட்டுகிறது.

1800-ஆம் ஆண்டில் வோல்ட்டா தாம் அமைத்த முதல் மின்கல அடுக்கைச் ‘செயற்கை மின் உறுப்பு’ என்றே குறிப்பிட்டார். இன்று கைவிளக்கில் இடும் மின்கலத்தின் மூதாதை, ஒருவகையில் இம்மீனே எனலாம்.

செடியின் செய்தி

தொட்டாற்சுருங்கியின் தாயகம் அமெரிக்காவின் வெப்ப நாடுகள். இன்று அது இந்தியா முழுதும் பரவிய களையாகிவிட்டது. அதன் சிற்றிலைகளின் அடியிலும், முதன்மைக் காம்பு தண்டோடு பொருந்தும் இடத்திலும் சிறு புடைப்புகள் உள்ளன. செடியின் கீல்கள் இவையே. புடைப்பின் மேற்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் உள்ள உயிரணுக்கள் நீரால் விம்மி, ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுவதனால் இலை நிமிர்ந்து நிற்கிறது.

இலையைத் தொட்டதும் அவ்விடத்து உயிரணுக்களில் கால்சியம் அயனிகளின் அளவு திடீரென உயர்கிறது. அதனைத் தொடர்ந்து குளோரைடு அயனிகள் வெளியேற, உயிரணுவின் உள்ளும் புறமும் நிலவிய மின்னழுத்த வேறுபாடு சரிகிறது. இச்சரிவு அடுத்த உயிரணுவைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, ஒரு மின்னலை இலைக்காம்பு வழியே வினாடிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் வேகத்தில் செல்கிறது. காம்பின் அடியிலுள்ள புடைப்பை அலை எட்டியதும், அதன் கீழ்ப்பாதி அணுக்கள் பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியே விட்டுவிடுகின்றன. உப்பு செல்லும் வழியில் நீரும் செல்கிறது. கீழ்ப்பாதி தளர, மேற்பாதியின் அழுத்தம் மேலோங்க, காம்பு ஏறத்தாழ ஒரு வினாடியில் சாய்கிறது. இழந்த உப்பையும் நீரையும் மீட்டு மறுபடி நிமிர்வதற்குப் பத்து முதல் இருபது நிமிஷங்கள் வரை ஆகும்.

இவ்வசைவால் செடிக்கு விளையும் பயன் யாது என்பது நெடுநாள் ஊகமாகவே இருந்தது. 2022-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இதற்கு நேரடியான சான்று அளித்தனர். மரபணுவை மாற்றிப் புடைப்பு இல்லாத, எனவே மடங்க இயலாத செடிகளை உண்டாக்கி, இயல்பான செடிகளையும் அவற்றையும் வெட்டுக்கிளிகளுக்கு இட்டனர். மடங்காத செடிகளே மிகுதியாகத் தின்னப்பட்டன. தொட்டாற்சுருங்கியின் நாணம் உண்மையில் தற்காப்பேயாம்.

போஸ் எழுப்பிய கேள்வி

மீனையும் செடியையும் ஒரே தராசில் நிறுக்க முதன்முதல் முனைந்து நின்றவர்களுள் தலையாயவர் ஜகதீச சந்திர போஸ் ஆவார். தாவரத்தில் மின்சார அலை உண்டு என்பதை 1873-இல் பர்டன் சாண்டர்சன் என்ற ஆங்கிலேயர் பூச்சியுண்ணும் செடியொன்றில் காட்டியிருந்தார். எனினும் அஃது அத்தகைய அபூர்வச் செடிகளுக்கே உரியது என்று பலர் எண்ணினர். சாதாரணச் செடிகளும் தூண்டுதலுக்கு மின்சார மறுமொழி தருகின்றன என்பதைத் தாமே அமைத்த நுண்ணிய கருவிகளால் போஸ் நிறுவினார். 1907-இல் வெளியான ஒப்பியல் மின் உடலியல் பற்றிய தம் பெருநூலில், மின் மீன்களின் உறுப்பையும் தாவர இலையையும் அவர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இலையின் மேல்முகமும் கீழ்முகமும் தூண்டுதலுக்குச் சமமாக மறுமொழி தருவதில்லை. மின் தகட்டின் இரு முகங்களும் அத்தகையனவே. சமமற்ற இவ்விருமுகத் தன்மையே இரண்டிலும் மின்சாரத்துக்குக் காரணம் என்பது அவர் கருத்து. 1917-இல் கல்கத்தாவில் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இவ்வழியில் மேலும் உழைத்தது.

போஸ் அவ்வளவில் நிற்கவில்லை. தாவரத்துக்கும் நரம்பு மண்டலம் உண்டு என்று வாதிட்டு, 1926-இல் அதற்கென ஒரு நூலே வெளியிட்டார். மறுத்தவர்களும் வெறுங்கையராய் வரவில்லை. 1916-இல் ரிக்கா என்ற இத்தாலிய விஞ்ஞானி மைமோசா வகைச் செடி ஒன்றின் தண்டைத் துண்டித்து, இரு துண்டுகளையும் நீர் நிறைந்த குழாயால் இணைத்தார். அப்போதும் காயத்தின் செய்தி மறுபக்கம் சென்றது. உயிரணுத் தொடர்ச்சி அற்ற நீரின் வழியே மின்னலை செல்லாது. ஆகவே யாதோ ஓர் இரசாயனப் பொருளே செய்தியைச் சுமக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

இன்றைய அறிவின்படி இரு சாராரும் ஒவ்வொரு பகுதி உண்மையைக் கண்டவரே. மெல்லிய தொடுதலின் செய்தி போஸ் கூறியவாறு மின்னலையாகவே செல்கிறது. வெட்டுக் காயத்துக்கும் தீக்காயத்துக்கும் இரசாயனப் பொருளும் நீரழுத்த மாற்றமும் துணை புரிகின்றன. ஆனால் நரம்பு என்று ஒன்று செடியில் இல்லை.

ஒற்றுமையும் வேற்றுமையும்

இரண்டையும் இப்போது நிறுத்துப் பார்க்கலாம். திருக்கையின் உயிரணுவும் செடியின் உயிரணுவும் தத்தம் சவ்வின் இருபுறமும் அயனிகளைச் சமமின்றி வைத்துக் காக்கின்றன. அச்சமமின்மை தேக்கி வைத்த நீரைப் போன்றது. வாயில் திறந்த கணத்தில் அது பாய்ந்து வேலை செய்கிறது. ஓர் உயிரணு தரும் மின்னழுத்தமும் இரண்டிலும் ஒத்த அளவினதே. இரண்டிலும் இருமுகத் தன்மை உண்டு; இரண்டிலும் கீழ்ப்பக்கமே முதன்மையாக மாறுகிறது. மயக்க மருந்துக்கும் இரண்டும் வசப்படுவன. ஈதர் ஆவியில் வைத்த தொட்டாற்சுருங்கி தொட்டாலும் மடங்குவதில்லை என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கிளாட் பெர்னார் செய்து காட்டினார்.

வேற்றுமைகள் இவற்றினும் ஆழமானவை. மீனில் பாய்வது சோடியம். செடியில் வெளியேறுவது குளோரைடு. மீனில் ஆணை மூளையிற் பிறந்து, நரம்பு வழியே வந்து, ஆயிரக்கணக்கான தகடுகளை ஒரே கணத்தில் இயக்குகிறது. செடியில் தலைமை அலுவலகம் இல்லை. வாய்மொழிச் செய்தி வீடு வீடாகப் பரவுவது போல அலை அணுவுக்கு அணு நகர்கிறது. மனித உடலின் விரைந்த நரம்புகளில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் ஓடும். செடியின் அலை அதனினும் ஆயிரக்கணக்கான மடங்கு மந்தமானது. மீனுக்கு மின்சாரமே ஆயுதம். அதை வெளியே செலுத்திச் சிறு மீன்களைச் செயலிழக்கச் செய்து உண்கிறது. செடிக்கு மின்சாரம் தூதுவன் மாத்திரமே. வேலையைச் செய்வது நீர்.

சவ்வும் அயனியும் இருவகை உயிர்களுக்கும் தொல்காலந்தொட்டுப் பொதுவான முதல். அம்முதலைக் கொண்டு ஒன்று படைக்கலம் செய்துகொண்டது. மற்றொன்று அஞ்சல் முறை அமைத்துக்கொண்டது. விளைவு ஒத்திருப்பதைக் கொண்டு கருவியும் ஒன்றே எனக் கொள்ளுதல் பிழையாகும். இவ்விவாதம் இன்னும் ஓயவில்லை. ‘தாவர நரம்பியல்’ என்ற பெயரில் ஒரு துறை தோன்றியபோது, செடியில் நரம்பும் இல்லை, நரம்புச் சந்தியும் இல்லை, மூளையும் இல்லை, ஆதலின் அப்பெயர் பொருந்தாது என்று 2007-இல் 36 விஞ்ஞானிகள் கூட்டாக எழுதினர். செடியின் மின்னலையை அவர்கள் மறுக்கவில்லை, பெயரையே மறுத்தனர்.

பிரித்தறிதலின் பயன்

மின் தகடு தசையணுவின் திரிபு என்பது முன்னர்க் கூறப்பட்டது. அதில் அசெட்டைல்கோலினை ஏற்கும் வாயில், மனிதத் தசையில் நரம்பின் ஆணையை ஏற்கும் வாயிலோடு நெருங்கிய உறவுடையது. விஞ்ஞானிகள் இதனை ஏற்பி என்பர். மனிதத் தசையில் அரிதாகவே கிடைக்கும் இப்பொருள் திருக்கையின் உறுப்பில் குவிந்து கிடக்கிறது. அதனாலேயே ஜப்பானில் ஷோசாகு நுமாவின் குழுவினர் 1982-இல் இவ்வேற்பியின் கட்டமைப்பை மரபணு வழியே வாசிக்கத் தொடங்கியபோது மின் திருக்கையையே நாடினர். தொட்டாற்சுருங்கியில் இவ்வேற்பி இல்லை. விளைவின் ஒப்புமையை மாத்திரம் நம்பிச் செடியில் தேடியிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருக்க நேரும்.

இவ்வேற்பியின் அருமை பாம்பு கடித்த வீட்டில் விளங்கும். நல்ல பாம்பின் நஞ்சிலுள்ள நரம்பு நச்சுகள் நேரே சென்று இதனை அடைத்துக்கொள்கின்றன. நரம்பு ஆணையிட்டும் தசை கேட்பதில்லை. முதலில் இமைகள் சரிகின்றன. பிறகு பேச்சுக் குழறுகிறது. இறுதியில் மூச்சை இயக்கும் தசைகளும் ஓய்கின்றன. 2000 முதல் 2019 வரையான ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் கிராம மக்கள்.

இங்கே பெங்களூரின் பங்கு வருகிறது. வழக்கிலுள்ள நச்சுமுறி மருந்து, குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக நஞ்சேற்றி, அவற்றின் இரத்தத்தினின்று பெறப்படுவது. பல உயிர்களைக் காப்பதாயினும் சிலருக்கு ஒவ்வாமையும் விளைவிப்பது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நஞ்சு ஆராய்ச்சிக் கூடமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து வேறொரு வழியை நாடின. பல பாம்புகளுக்குப் பொதுவான நரம்பு நச்சு வகையொன்றைப் பற்றிக்கொள்ளும் செயற்கையான மனித எதிர்ப்பொருளை அவை உருவாக்கி, 2024-இல் வெளியிட்டன. அந்நச்சு ஏற்பியோடு பொருந்தும் இடத்திலேயே இவ்வெதிர்ப்பொருள் முந்திச் சென்று நச்சைப் பிடித்துக்கொள்கிறது. ஒற்றைக்கண் நாகம், ஆப்பிரிக்கக் கருமாம்பா முதலியவற்றின் நஞ்சேற்றிய சுண்டெலிகளை அது காத்தது. நஞ்சில் வேறு பல நச்சுப் பொருள்களும் இருத்தலால் இது ஒன்றே முழு மருந்தாகிவிடாது. மனிதருக்கு வழங்கும் முன் கடக்கவேண்டிய சோதனைகளும் பல. எனினும் வழி திறந்திருக்கிறது.

கடலடி மணலில் புதைந்து கிடக்கும் மீன், மனிதத் தசையின் வாயிலை அறியப் பயன்பட்டது. வேலியோரத்துச் செடி, நரம்பில்லாமலும் செய்தி செல்லும் என்பதைக் கற்பித்தது. இரண்டையும் ஒன்றென்று கொண்டிருந்தால் இவ்விரு பாடங்களில் ஒன்றும் கிடைத்திராது. முற்றிலும் வேறென்று ஒதுக்கியிருந்தால் அயனிகளின் பொது இயல்பு புலப்பட்டிராது. பெங்களூர்ப் புல்வெளியில் ஒரு குழந்தை விரல் நீட்டித் தொட, இலை மடங்கும் அந்த ஒரு வினாடியில், தரங்கம்பாடிக் கடலின் திருக்கையோடு அச்செடிக்குள்ள உறவும் விலக்கமும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.